பசை போடாத கதிரை

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் சோமசேகரத்தின் வீட்டில் ஆணி அடிப்பது மனைவி கமலேஸ்வரியின் வேலை. கலியாணமான புதிதில் ஒரு கலண்டர் மாட்டுவதற்காக அவர் சுத்தியலைத் தூக்கியதும், ஆணி வளைந்து சுவர் பெயர்ந்து பெருவிரல் நகம் கறுத்ததும் அந்தக் குடும்பத்துக்குள் பெரிய கதை. "நீங்கள் முத்திரை குத்தத்தான் சரி. சுத்தியலை இஞ்சால தாங்கோ" என்று வாங்கிக்கொண்டவள் பிறகு அதைத் திருப்பிக் கொடுக்கவேயில்லை. மனிதர் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். கடிதத்தில் முத்திரை கொஞ்சம் சரிந்து விழுந்தால் அன்று முழுக்க முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பார். வீட்டுக் கதவின் பூட்டுக் கழன்று தொங்கினால் மட்டும் அவருக்குக் கண் தெரியாது.

அப்படிப்பட்டவர் எழுபதை நெருங்கும் வயதில் மரம் அறுக்கும் வாளும் துளை போடும் கைத்துறப்பணமும் வாங்கி வந்து கதிரை செய்ய உட்கார்ந்தார் என்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான். கமலேஸ்வரி செத்துப்போனாள்.

நோய் நொடி என்று ஒன்றுமில்லை. கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலை, குசினி வாசலில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். ஈரச் சீமெந்தில் கதிரையின் பின்கால்கள் மெல்ல அகன்று, ஒன்று வெடித்து, ஆளைச் சரித்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையில் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. செத்தவீட்டுக்கு வந்த எல்லாரிடமும் சோமசேகரம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "கதிரையால விழுந்து ஒரு மனிசி சாவாளோ?" கேள்வி கேட்கும் தொனியில் கேட்டதால் வந்தவர்கள் பதில் தேடித் திண்டாடினார்கள். அவருக்கு வேண்டியது பதில் அல்ல என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் அவர்களுக்கு விளங்கியது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று, கிரியை செய்யும் குருக்களுக்குப் பாய், தலையணை, குடை, செருப்பு, சேலை, சட்டி பானை, கதிரை என்று ஒரு ஆள் இருந்து வாழ என்னென்ன வேண்டுமோ அவ்வளவையும் கொடுப்பது வழக்கம். கொடுத்ததெல்லாம் போனவரிடம் போய்ச் சேரும் என்று நம்பிக்கை. சோமசேகரம் பெரிய பக்திமான் அல்ல. கோணேசர் கோயில் மேட்டுக்கும் கமலேஸ்வரி இழுத்தால்தான் போவார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. உரிய ஆளிடம் முறைப்படி ஒப்படைத்தால் சாமான் சேரவேண்டிய இடத்துக்குச் சேரும் என்பதை நம்பித்தானே அந்த மனிதர் உத்தியோகம் பார்த்துச் சம்பளம் எடுத்தவர்.

மகள் நிஷாந்தினி கொழும்பிலிருந்து வந்து, அந்தியேட்டி முடியும்வரை தகப்பனோடு தங்கியிருந்தாள். கெட்டிக்காரி. ஒவ்வொன்றாக வாங்கி வந்து அறையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பகல் முச்சக்கரவண்டியில் இருந்து ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரையையும் இறக்கினாள்.

சோமசேகரம் வாசலில் நின்று அதையே பார்த்தார். "உதென்ன?"

"அம்மாவுக்குக் குடுக்கத்தான் அப்பா. எல்லாரும் உதைத்தானே குடுக்கினம்."

"அம்மாவுக்கோ?" என்றார். "உதில இருந்து விழுந்துதானே செத்தவள். அங்க போயும் விழட்டுமோ?"

நிஷாந்தினி அப்படியே முற்றத்தில் குந்தி அழத் தொடங்கிவிட்டாள். அவர் போய் அவளைத் தேற்றவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் மதிலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து, "நான் செய்யிறன்" என்றார்.

"என்னத்தை?"

"கதிரையை."

அழுதுகொண்டிருந்த பிள்ளைக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, சிரித்ததற்காக இன்னும் கொஞ்சம் அழுதாள்.

கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவள் ஸாலிஹா. வாப்பாவுக்குப் பிறகு கடையை அவள்தான் பார்க்கிறாள். சோமசேகரம் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டி, "இதில இவர் வைச்சிருக்கிற சாமானெல்லாம் வேணும், பிள்ளை" என்றார். வீடியோவில் ஒருவன் இரும்பாணி ஒன்றும் இல்லாமல், இரண்டு மரத்துண்டிலும் துளை போட்டு, விரல் தடிப்பில் உருண்டையான மர ஆணியை நடுவில் வைத்து, இரண்டையும் ஒன்றோடொன்று அழுத்திப் பொருத்திக்கொண்டிருந்தான். புதிதாகப் பழகுகிறவருக்கும் இது வரும் என்று அவன் சொன்னதுதான் சோமசேகரத்தைப் பிடித்துக்கொண்டது. இன்னொன்று, துறைமுகத்துக் காற்றில் இரும்பு எவ்வளவு காலம் நிற்கும்? ஆணி கறள் பிடித்தால் கதிரை ஆடும், ஆடினால் ஆள் விழும். அவருடைய கணக்கு அப்படிப் போனது.

ஸாலிஹா வாள், துறப்பணம், மூலைமட்டம், மர ஆணிக்கான உருளைக் கம்பு எல்லாவற்றையும் கட்டி, கடைசியாக ஒரு வெள்ளைப் பசைப் போத்தலை மேலே வைத்தாள். சோமசேகரம் அந்தப் போத்தலை மட்டும் எடுத்து மேசையின் மறுபக்கத்துக்குத் தள்ளினார்.

"பசை வேணாமா, போஸ்ட்மாஸ்டர்?"

"வேண்டாம் பிள்ளை. வீடு இப்ப மரக்கறி."

ஸாலிஹாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனைவியைப் பறிகொடுத்த மனிதர், என்னத்தையோ நினைத்து என்னத்தையோ சொல்கிறார் என்று எண்ணி, மேற்கொண்டு கேட்காமல் விட்டுவிட்டாள். அவள் கேட்டிருக்கலாம். ஆனால் துக்கத்தில் இருப்பவரிடம் யார்தான் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்?

விஷயம் இதுதான். சிறுவயதில் அவர் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு தச்சுப் பட்டறை இருந்தது. அங்கே வச்சிரம் காய்ச்சும் நாற்றம் வகுப்பறைக்குள் வரும். மாட்டுத் தோலையும் எலும்பையும் அவித்து எடுக்கிற பசை அது என்று அப்போதே அறிந்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு மரவேலைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதருக்கு, மரம் ஒட்டுகிற பசை என்றால் எல்லாம் வச்சிரம்தான். கமலேஸ்வரியோ கேக்கைக் கண்டால் "முட்டை போட்டதோ?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் எடுப்பாள். அந்தியேட்டிவரை வீட்டில் மீன் வாடையே இல்லை. குருக்களுக்குக் கொடுக்கிற செருப்பைக்கூட அவர் மகளிடம் வாங்கி, முகர்ந்து பார்த்து, ரப்பர்தான் என்று தெரிந்த பிறகே வைத்தார். இப்படியிருக்க, அவள் இருக்கப்போகிற கதிரைக்குள் மாட்டுத் தோலை வைப்பாரா? மர ஆணியை இறுக்கமாகப் பொருத்தினால் பசை எதற்கு என்று தனக்குத் தானே முடிவு கட்டிக்கொண்டார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் குணம் அவருக்கு என்றைக்குத்தான் இருந்தது?

மர ஆலையில் வேம்பு கிடைத்தது. அப்போதுதான் அறுத்த மரம், மழையில் நனைந்து கனத்துக் கிடந்தது. நல்ல பாரமான மரம் என்று சந்தோஷமாக வாங்கி வந்தார்.

மர ஆணிப் பொருத்தில் செய்யவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு துண்டிலும் உள்ள துளைகள் ஒன்றுக்கொன்று நேராக வரவேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவில்தான் உயிர் போகிறது. பென்சிலால் குறித்துத் துளைத்தார். ஒன்று மேலே போனது, மற்றது கீழே வந்தது. திரும்பக் குறித்தார். துறப்பணத்தின் கைபிடியைச் சுற்றும்போது அவருடைய தோள் ஒரு பக்கம் சாய, துளையும் கூடவே சாய்ந்து, கால் வெளிப்பக்கமாக விரிந்து நின்றது. கமலேஸ்வரியைச் சரித்த கதிரையின் காலும் இப்படித்தான் அகன்றது. மரத்தை எடுத்து எறிந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஒரு துண்டில் சின்ன ஆணியை அரைவாசி இறக்கி, அதன் தலையைக் குறட்டால் வெட்டிவிட்டு, மற்றத் துண்டை அதன்மேல் அழுத்தவேண்டும். அழுத்திய இடத்தில் புள்ளி விழும். அந்தப் புள்ளியில் துளைத்தால் இரண்டும் நேர். அழுத்திப் புள்ளி விழுத்துவது அவருக்குத் தெரிந்த வேலைதான். துளை எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்பதற்குத் துறப்பண அலகில் சிவப்பு டேப் சுற்றிக்கொண்டார். நிஷாந்தினி மூலைமட்டத்தை நிமிர்த்திப் பிடிக்க, அலகு சாய்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சுற்றினார். மர ஆணியின் இரண்டு முனையையும் சாண்ட் பேப்பரில் தேய்த்துக் கூர் மழுக்கினார். பழகுவதற்கென்று முதலில் ஒரு குட்டி ஸ்டூல்.

அதன் முதல் பொருத்து, மரச் சுத்தியலால் தட்டத் தட்ட இறங்கி, கடைசித் தட்டில் 'டொக்' என்று மூடிக்கொண்டது. நடுவில் ஒரு மயிரிழை இடைவெளியும் இல்லை. ஈர மரம் மர ஆணியைக் கவ்விப் பிடித்திருந்தது. ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. சோமசேகரம் தலையை நிமிர்த்தி, வீட்டுக்குள் பார்த்து, "கமலா! இஞ்ச ஓடி வந்து பார்!" என்று கத்தினார்.

குசினிக்குள் நிஷாந்தினியின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. அவள் வெளியே வரவில்லை. வந்தால் அவருடைய முகத்தைப் பார்க்கவேண்டி வரும். அவரும் உள்ளே போகவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் அடுத்த துளைக்குத் துறப்பணம் சுற்றும் சத்தம் கேட்டது.

அந்தியேட்டிக்கு முதல்நாள் கதிரை எழும்பி நின்றது. அழகான கதிரை என்று சொல்ல ஏலாது. ஒரு கை மற்றக் கையைவிடக் கொஞ்சம் உயரம். முதுகுச் சட்டம் பள்ளிக்கூடத்து மர வாங்கிலிருந்து பிடுங்கியது போல இருந்தது. ஆனால் திடமாக நின்றது. தான் அதில் உட்கார்ந்து பார்க்கவில்லை, மகளையும் இருக்க விடவில்லை. முதலில் அவள்தான் இருக்கவேண்டும் என்றார்.

காலையில் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் கிரியை முடித்து, வீட்டுக்கு வந்து தானம் கொடுத்தார்கள். உப்புவெளிப் பக்கத்துக் குருக்கள், வயதானவர், எல்லாவற்றையும் மந்திரம் சொல்லி வாங்கிக்கொண்டார். கதிரையின் முறை வந்தபோது சோமசேகரம் அதைத் தன் கையால் தூக்கிக் கொடுத்தார். வாகனத்தில் ஏற்றும்போது, "மெல்ல, மெல்ல" என்று பின்னாலேயே போனார். வாகனம் இறக்கத்தில் திரும்பி மறைந்த பிறகு உள்ளே வந்து, "இனி அவள் ஆறுதலா இருப்பாள்" என்றார். அன்று இரவு நன்றாக நித்திரை கொண்டார். நிஷாந்தினி அந்த நம்பிக்கையில்தான் அவரைத் தனியே விட்டுவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறினாள்.

அவர் சொன்ன அந்த ஆறுதல் மாரிக்காலம் முழுக்க நின்றது. பங்குனி, சித்திரை போய், வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கியது. அந்தக் காற்றில் திருகோணமலையில் உதடும் வெடிக்கும், கதவும் சுருங்கும். பழகுவதற்காகச் செய்த குட்டி ஸ்டூலைக் கமலேஸ்வரியின் படத்துக்கு முன்னால் விளக்கு வைக்கப் போட்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை கூட்டுவதற்காக அதைத் தூக்கினார். தட்டு கையோடு வந்தது. ஒரு கால் நிலத்திலேயே நின்றது.

காலை எடுத்துப் பார்த்தார். துளை நீளவாட்டில் விரிந்திருந்தது. மர ஆணி விழப்போகிற பால்பல் போல ஆடியது. மற்றக் காலைத் தொட்டார். அதுவும் கழன்று வந்தது. ஒரே மரம், ஒரே துறப்பணம், அதே கை. ஸ்டூல் இப்படியென்றால் கதிரை என்னவாகியிருக்கும்? அவள் விழுந்திருப்பாள். அங்கே, அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அவர் செய்து அனுப்பிய கதிரையிலிருந்து மறுபடி விழுந்திருப்பாள். இந்த முறை பிளாஸ்டிக்கைக் குறை சொல்லவும் வழியில்லை.

கழன்ற காலைக் கையில் பிடித்தபடியே ஸாலிஹாவின் கடைக்குப் போனார். அவள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"பச்சை மரம் போஸ்ட்மாஸ்டர். காயக்குள்ள சுருங்கும்தானே. பசையும் போடலியே நீங்க?"

"அது மாட்டுத் தோல்லதானே பிள்ளை செய்யிறது. அவளுக்கு எப்பிடிப் போடுவன்?"

அன்றைக்குத் தள்ளிவைத்த போத்தலின் காரணம் ஸாலிஹாவுக்கு இப்போதுதான் விளங்கியது. "அது அந்தக் காலத்து வச்சிரம், ஐயா. இதுல தோலுமில்ல, எலும்புமில்ல. கொம்பனியில செய்யிற கெமிக்கல். பள்ளிக்கூடப் பிள்ளையள் கடதாசி ஒட்டுறதுக்கும் இதைத்தான் வாங்குதுகள்." சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்குத் தோன்றியது. மனிதரின் முகம் அப்படியாகிவிட்டது.

"கேட்டிருக்கலாம்" என்றார் சோமசேகரம். "ஒரு வாய் கேட்டிருக்கலாம்."

பசைப் போத்தலை வாங்கிக்கொண்டு நேரே உப்புவெளிக்கு முச்சக்கரவண்டி பிடித்தார். குருக்கள் ஒரு கிரியைக்குப் போயிருந்தார். வீட்டில் குருக்களம்மா மட்டும். கமலேஸ்வரியின் வயதுதான் இருக்கும். சோமசேகரம் தான் இன்னார் என்று அடையாளம் சொல்லி, "அம்மா, நான் தந்த மரக்கதிரை இருக்கோ?" என்று கேட்டார்.

"ஓம், இருக்குது. வாங்கோ" என்று அம்மா பின்பக்கக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார்.

கொட்டில் நிறையச் சாமான். சுருட்டிய பாய்கள், பொலித்தீன் பிரிக்காத தலையணைகள், விரிக்காத குடைகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகள். எத்தனையோ வீட்டுக் கண்ணீர் அங்கே தூசி பிடித்துக் கிடந்தது. சுவரோரம், இரண்டு கால் கழன்று, கயிற்றால் கட்டிச் சாத்தியிருந்தது அவருடைய கதிரை.

கேட்கத்தான் வந்தார், கேட்கப் பயமாயிருந்தது. "ஆர் இருக்கேக்க அம்மா விழுந்தது? ஆருக்கும் அடி கிடி பட்டதோ?"

"ஐயோ, இல்லை" என்றார் குருக்களம்மா, அவரைத் தேற்றுகிற அவசரத்தில். "அதில ஒருத்தரும் இருக்கேல்லை. கொண்டுவந்து வைச்ச நாளில இருந்து உந்த மூலையிலதான். போன கிழமை ஒதுக்கி வைக்கத் தூக்கேக்கதான் கால் கழண்டது. மற்றும்படி புதுசு மாதிரித்தான் கிடக்குது, பாருங்கோ."

விழவில்லை. சோமசேகரத்துக்கு நெஞ்சில் இருந்த பாரம் ஒரு நிமிஷம் இறங்கியது. அந்த ஒரு நிமிஷம்தான். பிறகுதான் மற்றச் சொல் அவருக்கு உறைத்தது. ஒருத்தரும் இருக்கவில்லை. அவ்வளவு மழையும் பெய்து விட்டு, இவ்வளவு காற்றும் வீசி, இந்தக் கதிரையில் ஒருத்தரும் இருக்கவில்லை. அப்படியென்றால் அவள் எங்கே இருந்தாள்? இவ்வளவு காலமும் நின்றுகொண்டா இருந்தாள்?

அவர் நிலத்தில் குந்தி, கயிற்றை அவிழ்த்து, கால்களைத் துளைகளில் பொருத்தத் தொடங்கினார். பசைப் போத்தல் பையிலேயே கிடந்தது. பசை காயும்வரை பொறுக்க அவரால் ஏலாது. கதிரையை நிமிர்த்தி நிறுத்தினார். அது ஆடியது.

"அம்மா," என்றார், "ஒருக்கா இதில இருப்பியளோ? எனக்காக."

குருக்களம்மா கதிரையைப் பார்த்தார். ஆடுகிற கால்களைப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் சோமசேகரம் மண்ணில் முழங்காலை ஊன்றி, கழன்ற கால்கள் இரண்டையும் கைக்கொன்றாக இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். கண்ணீர் தாடைவரை வழிந்திருந்தது. துடைக்கக் கை இல்லை.

"பயப்பிடாதேங்கோ, விழமாட்டியள். நான் பிடிச்சிருக்கிறன்."

குருக்களம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு மெல்ல இருந்தார். சோமசேகரம் நெற்றியைக் கதிரையின் சட்டத்தில் வைத்து வாய்விட்டு அழுதார். அவர் பிடியை விடவில்லை. அவராக விடட்டும் என்று அம்மாவும் எழும்பாமல் இருந்தார்.